ஒரு ஷீட் குறைந்த கதை: சுங்கை காடுட்டில் ஐந்து நாள்

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் மரப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே மெல்லிய கண்ணாடித் தகடுகள் அடுக்கடுக்காக, இடையிடையே தூண்டில் நரம்பு ஓட, பஞ்சு மெத்தையில் படுத்திருந்தன. "இது என்ன?" என்றார். துகள் வரும் நேரத்தை அளக்கிற கருவி என்றேன். "எதில் வேலை செய்யும்?" என்றார். வாயுவில் என்றேன். வாயு என்ற சொல்லைக் கேட்டதும் பக்கத்து மேசையிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். இப்போது அதில் வாயு இல்லை, வெறும் காற்றுதான் என்று விளக்குவதற்குள் அரைமணி நேரம் போயிற்று. கடைசியில் ஒருவர் அந்த நரம்பைத் தொட்டுப் பார்த்து மலாயில் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். "நீங்கள் மீன் பிடிக்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்றேன்" என்று எனக்காக ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லி, பெட்டியை அவரே மூடித் தந்தார்.

நான் மதுரைக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருபது வருடங்களாக இருக்கிறேன். எங்கள் கருவியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளிகள். அந்த இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்கத்தான் தூண்டில் நரம்பு. அதில் வாயுவை ஓடவிட்டு, உயர் மின்னழுத்தம் கொடுத்து வைப்போம். வானத்திலிருந்து ஒரு துகள் ஊடுருவிப் போனால் வாயுவில் ஒரு சின்ன மின்பெருக்கு உண்டாகும். வெளியே பலகையில் ஒட்டியிருக்கும் செம்புப் பட்டைகளில் ஒன்று அதை உணரும். ஒரு துடிப்பு பட்டையின் இரண்டு முனைகளுக்கும் ஓடும். எந்த முனைக்கு எப்போது வந்தது என்று பார்த்தால் துகள் எங்கே, எப்போது போனது என்று தெரிந்துவிடும். ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றைப் பத்தாகப் பிரித்த அளவுக்கு நேரம் சொல்ல வேண்டும்.

பட்டைகள் ஒட்டிய பலகைகளைச் செய்து தருவது மலாய் நாட்டில், சிரம்பானுக்குத் தெற்கே சுங்கை காடுட்டில் உள்ள ஒரு தொழிற்சாலை. முதல் தடவை வந்தவை அருமையாக இருந்தன. இரண்டாம் தடவை வந்தவற்றில் ஒரு பட்டையில் துடிப்பு ஓடினால் பக்கத்துப் பட்டையிலும் அதன் நகல் தெரிந்தது. எங்கள் ஆட்கள் இதை கிராஸ்டாக் என்பார்கள். ஒரு துகள் போனால் இரண்டு போனதாகக் கணக்கு வரும். இரண்டு சேர்ந்து வந்தாலோ நேரமே பிசகிவிடும். பலகையின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பலகைகளில் பசைக்குள் காற்றுக் குமிழிகள் இருந்தன. "கைவேலைக் குறை" என்று ஆங்கிலத்தில் ஒரு புகார் எழுதி அனுப்பினேன். சம்பந்தப்பட்ட ஊழியரை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டோம் என்று பதில் வந்தது. வழக்கமான வரி என்று டிக் போட்டு வைத்தேன். மாற்றுப் பலகைகள் வந்தன. அதே குறை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று இயக்குநர் அனுப்பினார்.

ஞாயிறு மாலை சிரம்பானையொட்டிய அம்பாங்கானில் ஒரு சின்ன விடுதியில் இறங்கினேன். கீழே மளிகைக் கடை, பக்கத்தில் முடிதிருத்தகம், எதிரே சாப்பாட்டுக் கடை. பெயர்ப்பலகைகளில் மலாயும் சீனமும் தமிழும் ஒன்றையொன்று இடிக்காமல் நின்றன. மழை பெய்து ஓய்ந்திருந்தது. மறுபடி பெய்தது. நான் இருந்த ஐந்து நாளும் மதியத்துக்கு மேல் யாரோ சொல்லி வைத்தது போல மழை பெய்தது. எங்கள் ஊரில் இப்படி ஒரு மழை பெய்தால் மறுநாள் செய்தித்தாளில் படத்தோடு வரும்.

திங்கள் காலை எதிர்க் கடையில் உட்கார்ந்ததும் கடைக்கார அம்மா, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். இன்னும் இல்லை, அதற்குத்தானே வந்திருக்கிறேன் என்று விழித்தேன். காலைச் சாப்பாட்டுக்கே இங்கே பசியாறல் என்றுதான் பெயர். டிபன் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. ரொட்டி சானாய் வந்தது. நம் பரோட்டாவின் மெலிந்த தம்பி, பருப்புக் குழம்போடு. இடியாப்பமும் உண்டு, ஆனால் தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் தூவித் தருகிறார்கள். சட்னி கேட்டேன். கடைக்கார அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பிறகு கேட்கவில்லை.

தொழிற்சாலைக்கு ஏற்றிப்போன டாக்சிக்காரர் ரஸ்லான். மலாய்க்காரர், ஐம்பது வயதிருக்கும். ரப்பர்த் தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், வளர்ந்தவராம்; தமிழ்ப் பிள்ளைகளோடு பந்து விளையாடி மொழி பழகியவர். "தமிழ் பேசுவேன். ஆனா கெட்ட வார்த்தைதான் நல்லா வரும்" என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

தரக்கட்டுப்பாட்டு மேலாளர் ஜெயசீலன் வாசலில் காத்திருந்தார். கொள்ளுத்தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வந்தவராம். இவர் பிறந்ததும் வளர்ந்ததும் சிரம்பான், வீடு பாரோயில். ஆங்கிலத்தில் சரளம், தமிழில் ஒவ்வொரு வாக்கியத்தையும் நிதானமாக எடுத்து வைப்பார். "பலகை எல்லாம் எங்கட சோதனையில் பாஸ், டாக்டர். உங்கட இடத்தில் ஏன் பெயில் எண்டு எனக்கு விளங்கேல்ல" என்றார்.

ஒட்டுப் பிரிவில் எட்டு மேசைகள். நீலத் தொப்பி அணிந்த பெண்கள் நுரைப்பலகை மேல் பசை தடவி, செம்புப் பட்டைத் தகட்டை ஓரம் பிசகாமல் இறக்கி, உருளையால் அழுத்திக்கொண்டிருந்தார்கள். சுத்தமான வேலை. ஒரு மேசையருகே நான் குனிந்து பார்த்தபோது பின்னால் இரண்டு பெண்கள் மலாயில் பேசிக்கொண்டார்கள். எனக்கு மலாய் தெரியாது. ஆனால் "தனம்" என்ற பெயர் மட்டும் காதில் விழுந்தது.

"என்ன சொல்கிறார்கள்?" என்று ஜெயசீலனைக் கேட்டேன்.

"சும்மா, டாக்டர்."

"தனம் என்றார்களே?"

அவர் தரையைப் பார்த்தபடி மொழிபெயர்த்தார்: "தனம் அக்காவை வேலையை விட்டு அனுப்பினது இந்த அம்மாதானா எண்டு கேக்கினம்."

நான் யாரையும் அனுப்பவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த டிக் நினைவுக்கு வந்தது.

தனம் அங்கே பத்தொன்பது வருடங்கள் ஒட்டு மேசையில் இருந்தவர். என் புகார் வந்ததும் அவரைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒரு வாரம் போனார். அடுத்த வாரம் வரவில்லை. "நாங்கள் போகச் சொல்லேல்ல. அவவாகத்தான் வேலையால நிண்டவ" என்றார் ஜெயசீலன். அதை அவரே நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது.

மதியம் கேன்டீனில், மலாயில் பேசிய பெண்களில் ஒருத்தி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பெயர் நூருல். இருபத்தைந்து வயதிருக்கலாம். மஞ்சளாக ஒரு தேங்காய்ப்பால் குழம்பை என் பக்கம் தள்ளி, இந்த மாநிலத்துச் சமையல், சாப்பிட்டுப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பார்க்கச் சாதுவாக இருந்தது. அதில் அரைத்திருந்த காந்தாரி மிளகாய், செட்டிநாட்டுக் காரம் தெரிந்த என் கண்களிலும் நீர் வரவழைத்தது. அவள் சிரிக்கவில்லை. "எனக்கு உருளை பிடிக்கக் கற்றுக் கொடுத்தது தனம் அக்கா" என்று மட்டும் சொன்னாள். வேண்டுமென்றேதான் அந்தக் குழம்பைத் தந்தாளோ என்று இன்றும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

செவ்வாய்க்கிழமை ஒரு மூலை மேசையை வாங்கிக்கொண்டு என் மரப்பெட்டியைப் பிரித்தேன். வாயுவும் மின்னழுத்தமும் இதற்கு வேண்டியதில்லை. ஒரு பட்டையின் முனையில் செயற்கைத் துடிப்பைச் செலுத்தி, பக்கத்துப் பட்டையின் மறுமுனையில் என்ன வருகிறது என்று ஆஸிலோஸ்கோப் திரையில் பார்த்தால் போதும். பலகையை மட்டும் வைத்துச் சோதித்தேன். பக்கத்துப் பட்டையில் குறை சொல்லும் அளவுக்கு ஒன்றுமில்லை. தொழிற்சாலை சொன்னது சரிதான். அதே பலகைமேல் கண்ணாடி அடுக்கை வைத்தேன். பக்கத்துப் பட்டையில் ஒரு மேடும் அதையடுத்து ஒரு பள்ளமுமாகத் துடிப்பின் நகல் வந்து நின்றது. எந்தப் பலகையை வைத்தாலும் அதே மேடு, அதே பள்ளம். கைப்பிசகு இப்படி ஒரே அச்சாக வராது.

"முதல் தடவை செய்ததில் ஒன்று இருக்குமா?" என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரியை எடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். ஜெயசீலன் கிடங்கிலிருந்து தூசியோடு கொண்டுவந்தார். வைத்துப் பார்த்தோம். திரையில் நேர்கோடு. இரண்டு பலகைகளையும் ஓரமாகப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். பழையதில் செம்புக்கும் நுரைக்கும் நடுவே, விரல்நகத்தின் கனத்துக்குப் பச்சையாக ஒரு கண்ணாடியிழை ஷீட் இருந்தது. புதியதில் அது இல்லை.

அதை எடுத்தது நான்தான்.

எடையைக் குறைக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது வரைபடத்தைத் திருத்தினேன். அந்த ஷீட் விறைப்புக்காகப் போட்டது, நுரைப்பலகையே விறைப்பாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அதை முதலில் வரைந்தவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். எதற்காகப் போட்டார் என்று எழுதி வைக்கவில்லை; நான் கேட்கவும் இல்லை. ஒரு சாண் நீளத்துக்குத் துண்டு செய்து சோதித்தேன். நன்றாக வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

நடந்தது இதுதான். ஒரு பட்டையில் துடிப்பு கிளம்பும்போது பக்கத்துப் பட்டையையும் சேர்த்துக்கொண்டு இரண்டு அலைகளாகக் கிளம்புகிறது. ஓர் அலையில் இரண்டு பட்டைகளும் ஒன்றாக ஏறும். மற்றதில் ஒன்று ஏற, இன்னொன்று அதே அளவு இறங்கும். இரண்டு அலைகளும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தால், பக்கத்துப் பட்டையில் ஏற்றமும் இறக்கமும் கழிந்து ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அலை ஓடுவது செம்பைச் சுற்றியுள்ள பொருளில். ஒரு பக்கம் கண்ணாடி, அங்கே மெதுவாகப் போகும். மறுபக்கம் நுரை, கிட்டத்தட்ட காற்றுதான், அங்கே வேகமாகப் போகும். இரண்டு அலைகளும் இந்தப் பக்கங்களை ஒரே அளவில் பங்கிட்டுக்கொள்வதில்லை. அதனால் ஒன்று முந்துகிறது, மற்றது பிந்துகிறது. ஒரு சாண் தூரத்தில் அந்த வித்தியாசம் தெரியாது. ஒன்றரை மீட்டர் போவதற்குள் ஏற்றம் ஒரு நேரத்திலும் இறக்கம் வேறு நேரத்திலும் வந்து சேர்கின்றன. நுரைப் பக்கம் இருந்த அந்த ஷீட்தான் இரண்டு வேகத்தையும் சமமாக்கி வைத்திருந்தது.

இதையெல்லாம் ஒரு காகிதத்தில் படம் போட்டு ஜெயசீலனிடம் விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு எழுந்து போய் ஒரு கோப்போடு வந்து, ஒரு பக்கத்தைத் திறந்து என் முன் வைத்தார். இரண்டாம் தடவை வேலை தொடங்கும் முன் ஒட்டு மேசையிலிருந்து எழுதிக் கேட்ட சந்தேகக் குறிப்பு. கொச்சை ஆங்கிலத்தில், அழுத்தமான பேனாவில்: "பழைய வரைபடத்தில் ஒரு ஷீட் கூடுதலாக இருந்தது. இதில் இல்லை. சரியா?" கீழே தனத்தின் பெயர். அதோடு இணைத்திருந்தது என் மின்னஞ்சல். ஒரே வரி. "வரைபடத்தைப் பின்பற்றவும்."

எனக்கு அதை எழுதிய ஞாபகமே இல்லை. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

"இது உங்களிடம் இருந்ததே. என் புகார் வந்தபோது ஏன் இதைக் காட்டவில்லை?" என்று கேட்டேன்.

"கஸ்டமரை எதிர்த்து எழுதுற பழக்கம் இல்ல, டாக்டர். காரணம் எழுதச் சொல்லி மேலிடத்தில் கேட்டினம். குமிழி இருக்கு எண்டு நீங்கள் படம் அனுப்பியிருந்தீங்கள். எழுத ஒரு பேர் தேவைப்பட்டது." கோப்பை மூடினார். "என்ட பேரை எழுதியிருக்கலாம்."

அன்று மாலை இயக்குநரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். "ஷீட்டைச் சேர்த்து வரைபடத்தை மாற்றிவிடு. காரணம் எதையும் எழுத்தில் தராதே. மேம்பாடு என்று போட்டுக்கொள்ளலாம்" என்றார். நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். சரி என்றும் சொல்லாமல் முடியாது என்றும் சொல்லாமல் போனை வைத்தேன். எதிர்க் கடையில் தோசை வாங்கி, பாதியைச் சாப்பிட முடியாமல் வைத்துவிட்டேன்.

புதன்கிழமை தனம் வீட்டுக்குப் போவதாக ஜெயசீலனிடம் சொன்னேன். "தேவையா, டாக்டர்?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் தோட்டத்தின் பெயரையும் வீட்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். தனக்கும் சேர்த்துப் போகச் சொல்வது போல இருந்தது.

ரந்தாவ் பக்கம் சாலையின் இரண்டு புறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. வரிசை பிசகாத மரங்கள், அடியில் எப்போதும் அரை இருட்டு. ஒருகாலத்தில் இதெல்லாம் ரப்பர் என்றார் ரஸ்லான். ஒரு வளைவில் வண்டி நின்றது. முன்னே ஒரு லாரியின் பின்கதவு திறந்துகொண்டு, முள்ளும் செந்நிறமுமாகப் பழக்குலைகள் சாலை முழுக்கக் கொட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஓர் ஆட்டுக்குட்டி கனம். லாரிக்காரர் இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்க மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் மலாயில் ஏதோ கத்தினார். "கதவைச் சாத்தாமல் வந்தவன் வானத்தை ஏன் பார்க்கிறான், அங்கேயா கொக்கி இருக்கிறது என்கிறார்" என்று ரஸ்லான் எனக்குச் சொல்லிவிட்டு, தானும் இறங்கிக் குலைகளைத் தள்ளப் போனார். தோட்டம் பக்கம்தான், நடந்தே போய்விடலாம் என்றார். நடந்தேன். செருப்பு செம்மண்ணில் ஒட்டிக் கனத்தது.

தோட்டத்து வீடுகள் இரட்டை இரட்டையாக நின்றன. சிமெண்டுச் சுவர், தகரக் கூரை, முன்னால் ஒரு சின்னச் சாமி மாடம், மோட்டார் சைக்கிள், செம்பருத்தி. பல வீடுகளில் ஆள் இல்லை. எல்லோரும் சிரம்பான் பக்கம் குடியேறிவிட்டார்கள். தனம் வாசலில் ரப்பர் பூட்சைக் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழங்களைப் பொறுக்கும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். நான் யார் என்று சொன்னேன்.

பூட்சைக் கழுவி முடித்து, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"மதுரை டாக்டரா?"

"ஆமாம்."

"உள்ள வாங்க."

மைலோ கலக்கிக் கொடுத்தார். தான் குடிக்கவில்லை. நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். ஷீட்டை எடுத்தது நான், நீங்கள் கேட்ட குறிப்பை நேற்றுதான் பார்த்தேன், தவறு என்னுடையது, மன்னிக்க வேண்டும். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள். வீட்டுக்குள் அவை மிகச் சிறியதாக ஒலித்தன.

"நான் கேட்டேன்லா" என்றார் தனம். "அந்த ஷீட்டு சும்மா இருக்காதுன்னு எனக்குத் தோணுச்சு. ஏன்னு தெரியாது. நான் என்ன படிச்சவளா? ஆனா மூனு மாசம் அதை வெட்டி வெட்டி ஒட்டியிருக்கேன். சும்மா எதுக்கு ஒருத்தர் அதைப் போடச் சொல்லப்போறாரு?"

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும்.

"நீங்க எழுதுனதை எப்படிச் சொன்னாங்க தெரியுமா? காலையில வேலை ஆரம்பிக்கிறதுக்கு முந்தி எல்லாரையும் நிக்க வச்சுப் பேசுவாங்க. அங்க படிச்சாங்க. இங்கிலீசுல ஒரு தடவை, மலாய்ல ஒரு தடவை. தமிழ்ல படிக்கல. படிச்சிருந்தா நான் அங்கயே பதில் சொல்லியிருப்பேன்." மைலோக் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "எங்க குடும்பத்துல தோட்டத்தை விட்டு ஃபேக்டரிக்குப் போன மொத ஆளு நான். திரும்பி வந்து பழம் பொறுக்குறேன்னா, பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? அவ கை சரியில்ல, அனுப்பிட்டாங்கன்னுதானே?"

"திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்கிறேன்."

"அது அவங்க விஷயம். உங்ககிட்ட நான் கேக்குறது வேற. அதே இடத்துல, அதே மாதிரி, நீங்க படிக்கணும். தமிழ்ல. மத்த பாஷையில அவங்க படிக்கட்டும். நானும் வந்து நிப்பேன்."

"சரி."

"குமிழி இருந்துச்சுன்னும் படிங்க."

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டு பலகையில இருந்துச்சுலா. அன்னைக்குப் பசை கெட்டியா இருந்துச்சு, நான் கவனிக்கல. அது என்னுதுதான். அதை விட்டுட்டுப் படிச்சா, டாக்டர் பாவப்பட்டுப் பேசுறாங்கன்னு நினைப்பாங்க. இருந்ததைச் சொல்லுங்க. இல்லாததை எடுத்துடுங்க."

இருபது வருடங்களில் அளவீட்டைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சாலையில் குலைகளை ஓரம் கட்டியிருந்தார்கள். ரஸ்லானின் சட்டையெல்லாம் பழத்தின் எண்ணெய்க் கறை. "போன வேலை ஆச்சா?" என்றார். பாதி என்றேன். விடுதிக்கு வந்து இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதினேன். வரைபடத்தில் பிழை, பிழை என்னுடையது, உற்பத்தியில் அல்ல, இதைத் தொழிற்சாலைக்கும் எழுத்தில் தருகிறேன் என்று நான்கு வரி. அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் மூன்று தடவை எழுந்து ஜன்னலருகே போய் வந்தேன். அதன் பலன் ஊர் திரும்பியதும் தெரிந்தது. எங்கள் கருவி இயங்கத் தொடங்குவது ஒரு பருவம் தள்ளிப்போனது. இனி என் வரைபடங்களில் இன்னொருவரும் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு வந்தது. இயக்குநர் சில வாரங்கள் என்னிடம் வேலைக்கு வேண்டிய அளவு மட்டுமே பேசினார்.

வியாழக்கிழமை காலை தனம் புடவை கட்டிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். நேபாளத்துக் காவலாளி அடையாள அட்டை கேட்டார். தனத்திடம் இல்லை. பத்தொன்பது வருடங்கள் நுழைந்த வாசலில், "விருந்தினர்" என்று ஒரு ஸ்டிக்கரைத் தோளில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஜெயசீலன் தலையைக் குனிந்துகொண்டார்.

நீலத் தொப்பிகள் வரிசையாக நின்றன. நான் எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்தேன். கருத்தரங்குகளில் பேசிப் பழகியவள்தான். ஆனாலும் காகிதத்தைப் பார்த்தே படித்தேன். "இங்கே செய்த பலகைகளில் கைவேலைக் குறை என்று நான் எழுதியது தவறு. இரண்டு பலகைகளில் காற்றுக் குமிழி இருந்தது உண்மை. எங்கள் கருவியில் வந்த கோளாறுக்கு அது காரணம் அல்ல. காரணம் என் வரைபடத்தில் ஒரு ஷீட்டை நான் எடுத்தது. அதை வேலை தொடங்கும் முன்பே கவனித்து எழுதிக் கேட்டவர் தனலட்சுமி. நான் யோசிக்காமல் பதில் எழுதினேன். அவரிடம் உங்கள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்."

மலாயில் நூருல் படித்தாள். ஆங்கிலத்தில் படிக்க வேண்டிய ஜெயசீலன், முடிவில் காகிதத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தார்: "அந்தக் குறிப்பு என்னிடம் இருந்தது. நான் காட்டவில்லை." யாரும் கைதட்டவில்லை. மணி அடித்தது. எல்லோரும் மேசைகளுக்குப் போனார்கள். போகிற வழியில் ஒவ்வொருவராகத் தனத்தின் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

கிடங்கில் மிச்சமிருந்த பச்சை ஷீட்டில் பலகையின் நீளத்துக்கு ஒரு துண்டு கிடைத்தது. தனம் ஸ்டிக்கர் ஒட்டிய தோளோடு தன் பழைய மேசையில் நின்று, ஷீட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்து, வளைவு எந்தப் பக்கம் என்று தடவித் தெரிந்துகொண்டு, ஒரே மூச்சில் ஒட்டினார். பசை இறுகும்வரை தின்ன, பூரணம் வைத்துச் சுட்ட சீன பன்னான சியூ பாவை வாங்கி வரச் செய்தார் ஜெயசீலன். இந்த ஊர் அதற்குப் பேர்போனது. இறைச்சி சாப்பிடாத எனக்காகக் காய்கறி வைத்தது ஒன்று தேடிப்பிடித்திருந்தார். பிறகு பலகைமேல் கண்ணாடி அடுக்கை வைத்துத் துடிப்பைச் செலுத்தினேன். முதல் பட்டையில் கூர்மையான ஒரு சிகரம். பக்கத்துப் பட்டையில் நேர்கோடு.

"முன்ன எங்க இருந்துச்சு?" என்றார் தனம். திரையில் விரலால் காட்டினேன். அந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பணியில் சேரும் படிவம் வந்தது. புதிய ஊழியர், மூன்று மாதம் பரிசோதனைக் காலம் என்று அச்சடித்திருந்தது. தனம் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "நான் புதுசு இல்ல, சார்." ஜெயசீலன் படிவத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நெடுநேரம் கழித்து இறங்கி வந்தபோது முகம் சிவந்திருந்தது. கையில் வேறு தாள். பழைய ஊழியர் எண், விடுபட்ட மாதங்கள் விடுப்பு. தனம் முழுதும் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

நான் விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரிடம் நாளை முதல் வரமாட்டேன் என்று நேரில் சொல்ல வேண்டும், சொல்லாமல் நிற்பது சரியில்லை என்றார் தனம். ரஸ்லானின் டாக்சியில் அவரையும் ஏற்றிக்கொண்டோம். தோட்டத்துச் சந்திப்பில் இறங்கியவர் என் ஜன்னலருகே வந்து நின்றார்.

"காலையில படிச்ச காகிதத்தைக் குடுங்க. எனக்கு வேணும்."

கொடுத்தேன். அங்கேயே நின்று படித்தார்.

"கையெழுத்து இல்லையே."

காரிலிருந்து இறங்கி, கூரைமேல் வைத்துக் கையெழுத்திட்டேன்.

"தேதி."

போட்டேன்.

மறுபடி படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. "என் பேர்ல ஒரு தப்பு இருக்கு. தனலட்சுமி இல்ல. தனலெட்சுமி. கொம்பு போடணும்."

கொம்பு போட்டேன். திருத்திய இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அதையும் சரிபார்த்துவிட்டு, காகிதத்தை நான்காக மடித்துக்கொண்டு அவர் மண்டோர் வீட்டை நோக்கி நடந்தார்.